பார்வோன் முன் நின்ற தகப்பன்

(தந்தையர் ஞாயிறு மாலை, ஓசூரில் பல சபைகளைச் சேர்ந்தவர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றைத் தந்தையர் நாளாகக் கொண்டாடுவது நம் சபைகளில் இப்போது வழக்கமாகிவிட்டது. தகப்பன்மாரை முன்னால் வரவழைத்து ஜெபிக்கிறோம், சிறுபிள்ளைகள் பாட்டுப் பாடுகிறார்கள். வாழ்த்து அட்டை விற்கிறவர்கள் உண்டாக்கிய நாள் இது என்று ஒதுக்குகிறவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்கு நான் ஓர் ஊரின் பெயரைச் சொல்ல விரும்புகிறேன். மோனோங்கா. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் ஒரு சுரங்க ஊர். 1907 டிசம்பர் 6ஆம் தேதி அங்கே நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 360க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்புக்காக வந்தவர்கள். ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகள் ஒரே நாளில் தகப்பனை இழந்தார்கள். பக்கத்து ஊரான ஃபேர்மான்ட்டில் கிரேஸ் கோல்டன் கிளேட்டன் என்ற பெண்மணி தன் சபைப் போதகரிடம் போய், இந்தத் தகப்பன்மாரை நினைத்து ஓர் ஆராதனை வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1908 ஜூலை 5ஆம் தேதி அந்த மெதடிஸ்ட் ஆலயத்தில் அந்த ஆராதனை நடந்தது. தாயை இழந்த ஆறு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்த தன் தகப்பனுக்காக சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற மகள் ஸ்போகேன் நகரத்தில் 1910இல் தொடங்கி வைத்ததுதான் பிறகு நாடெங்கும் பரவியது, 1972இல் சட்டமும் ஆனது. ஆனாலும் முதலில் கூடியவர்கள் ஃபேர்மான்ட் சபையார். பிழைப்புக்காகப் பெயர்ந்து வந்து வேலையிடத்திலேயே உயிர்விட்ட தகப்பன்மாருக்காக அவர்கள் கூடினார்கள். ஓசூரில் இந்த நாளை நினைக்க நமக்கு இதைவிட என்ன நியாயம் வேண்டும்?

நம் ஊரைப் பாருங்கள். சிப்காட் என்ற நிறுவனம் 1971இல் உண்டானது. அதன்பின் இந்தப் புஞ்சைக்காட்டில் தொழிற்பேட்டைக்கு இடம் குறித்தார்கள். 1980 வாக்கில் அசோக் லேலண்ட் வந்தது, டிவிஎஸ் மொபெட் வந்தது. 1980களின் நடுவில் டைட்டன் வந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சியே ஆகிவிட்டது. தர்மபுரியின் வறண்ட காட்டிலிருந்தும், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி பக்கமிருந்தும், தெற்கே நாசரேத்து, சாயர்புரம் வரைக்கும் எத்தனையோ ஊர்களிலிருந்தும் இருபது வயதுப் பையன்கள் ஒரு டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்து இறங்கினார்கள். ஐடிஐ சர்டிபிகேட், ஒரு வேதப்புத்தகம், அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. அந்தப் பையன்கள்தான் இன்று இங்கே முன்வரிசையில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுடைய பிள்ளைகள் இப்போது காலை ஏழு மணிக்கே ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளியைத் தாண்டி, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். தகப்பன் மாநிலத்துக்குள்ளேயே பெயர்ந்தான், பிள்ளை தினமும் மாநில எல்லையையே கடக்கிறான்.

டைட்டன் தொடங்கிய நாட்களில், பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கடிகாரம் செய்யப் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகளை வீடு எடுத்துத் தங்கவைத்து, அவர்களைப் பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரையும் ஏற்பாடு செய்தார்கள். பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வேலையும் சம்பளமும் மட்டும் போதாது, தகப்பன் ஸ்தானத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று ஒரு கடிகாரக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் தேவை இருக்கிறது.

இப்போது பத்துக் கற்பனைகளுக்கு வருவோம். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணவேண்டும் என்ற கற்பனையை லுத்தரன் சபைப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் நான்காம் கற்பனை என்று ஒப்பிப்பார்கள். சிஎஸ்ஐ பிள்ளைகளையும் பெந்தெகொஸ்தே பிள்ளைகளையும் கேட்டால் ஐந்தாவது என்பார்கள். எண் எதுவானாலும், நாம் எல்லாரும் இதைச் சிறுபிள்ளைகளிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். ஞாயிறு பள்ளிப் பாடமாகவே அதை வைத்திருக்கிறோம். ஆனால் சீனாய் மலையடியில் இதைக் கேட்டு நின்றவர்கள் வளர்ந்தவர்கள், மனைவி பிள்ளைகளோடு வந்தவர்கள், எகிப்தில் செங்கல் அறுத்த கைகள் கொண்டவர்கள். வயதான பெற்றோரைப் பாலைவனத்தில் தோளில் தாங்கிக்கொண்டு போகவேண்டியிருந்த தலைமுறைக்குக் கொடுத்த கற்பனை இது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தகப்பனைக் கனம்பண்ணுவது கடினம் இல்லை, அவன் கண்ணுக்குத் தகப்பன் யானையளவு. நாற்பத்தைந்து வயது மகனுக்குத்தான் இது கடினமான கற்பனை.

ஆண்டவராகிய இயேசுவும் இதை வளர்ந்தவர்களிடம்தான் பேசினார். மாற்கு 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெற்றோருக்குச் செய்யவேண்டிய உதவியை, இது கொர்பான், தேவனுக்கு நேர்ந்துவிட்டது என்று சொல்லி ஒருவன் தட்டிக்கழிக்கலாம் என்று அன்றைய வேதபாரகர் அனுமதித்தார்கள். இயேசு அதை மன்னிக்கவில்லை. தேவனுடைய கற்பனையை உங்கள் பாரம்பரியத்தால் அவமாக்குகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நம்மிலும் இது நடக்கிறது. ஆலயக் கட்டட நிதிப் பலகையில் பெயர் பொறித்திருக்கும், ஊரில் தகப்பன் சர்க்கரை மாத்திரை வாங்கக் காசில்லாமல் பாதி மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார். நன்கொடை வாங்குகிற சபைகளும் இதைக் கேட்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். காணிக்கை எழுதும் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், அப்பாவுக்கு இந்த மாதம் அனுப்பியாச்சா என்று ஒரு மூப்பர் கேட்டால் அது தப்பே இல்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறாரே.

பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகள் மேல் முறையிட 2007இல் மத்திய அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது. வருவாய்க் கோட்ட அளவில் தீர்ப்பாயம் உண்டு. மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவிடலாம். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையின் பேரில் எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யவும் வழி இருக்கிறது. மனு கொடுப்பது பெற்றோரின் உரிமை, தேவைப்பட்டவர்கள் கொடுக்கட்டும், சபை கூடவே போகட்டும். ஒரு விசுவாசியின் தகப்பன் அந்த மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு அரசு அலுவலக வராந்தாவில் காத்திருக்க நேர்ந்தால் அது அந்தக் குடும்பத்துக்கு மட்டுமல்ல, அந்த விசுவாசி ஆராதனைக்குப் போகிற சபைக்கும் வெட்கம்.

சரி, கனம்பண்ணுவது எப்படி இருக்கும்? வேதத்தில் இதற்கு ஒரு மகனைக் காட்டச் சொன்னால் நான் யோசேப்பைக் காட்டுவேன். ஆதியாகமம் 37 முதல் 50 வரை இன்று இரவு வீட்டில் படியுங்கள். பல வண்ண அங்கி, குழி, போத்திபார் வீடு, சிறை, கனவு, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் பேசப்போவது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. யோசேப்பு வேறு நாட்டில் பெரிய உத்தியோகத்துக்கு வந்துவிட்டான். முப்பது வயதில் எகிப்தில் ராஜாவுக்கு அடுத்த ஸ்தானம். அதன்பின் ஏழு வருஷம் விளைச்சல், இரண்டு வருஷம் பஞ்சம். இந்த ஒன்பது வருஷத்தில் அவன் தகப்பனுக்கு ஓர் ஆள் அனுப்பினதாக எழுதியில்லை. கானான் நாடு அப்படி ஒன்றும் எட்டாத தூரமில்லை. தன் முதல் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது, என் தகப்பன் வீட்டை நான் மறக்கும்படி தேவன் செய்தார் என்ற பொருளில் பேசுகிறான். அடிபட்ட பிள்ளை மறக்கத்தான் பார்ப்பான். வேதம் அதைக் குற்றமாகவும் எழுதவில்லை, நியாயமாகவும் எழுதவில்லை. பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, பழைய காயத்துக்காக அப்பாவுக்கு போன் போடாமல் நாளைக் கடத்துகிற மகன் இங்கே யாராவது இருந்தால், அவனுக்கும் இந்தக் கதையில் இடம் இருக்கிறது என்று சொல்லத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

பிறகு அவனை விற்ற அண்ணன்மார் வந்தார்கள், அழுகை வந்தது, ஒப்புரவு வந்தது. யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று அவர்கள் போய்ச் சொன்னபோது தகப்பன் யாக்கோபு நம்பவில்லை. முன்பு இரத்தம் தோய்ந்த அங்கியைக் காட்டிப் பொய் சொன்ன அதே வாய்கள்தானே? யோசேப்பு அனுப்பிய வண்டிகளைக் கண்ட பிறகுதான் அந்தக் கிழவருக்கு உயிர் திரும்பியது என்று 45ஆம் அதிகாரம் சொல்கிறது. நம் ஊர் வண்டி செய்கிற ஊர். லாரி, பேருந்து, மொபெட் என்று இங்கிருந்து புறப்பட்டுப் போகாத சாலை இந்தியாவில் இல்லை. வண்டியின் அருமை நமக்குத் தெரியும். தகப்பனுக்கு உங்கள் பாசத்தை வார்த்தையில் சொல்லி அனுப்பினால் அவர் நம்பாமல் இருக்கலாம், நம்பாமல் இருக்க அவருக்குக் காரணமும் இருக்கலாம். வாசலில் வண்டி வந்து நின்றால் நம்புவார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த வண்டி, கிறிஸ்துமசுக்கு அழைத்துப்போக வந்த வண்டி.

யாக்கோபு புறப்பட்டு பெயெர்செபாவுக்கு வருகிறார். அதுதான் கானானின் தென்கோடி. அதைத் தாண்டினால் அந்நிய தேசம். நூற்று முப்பது வயதில் மொழி தெரியாத ஊருக்கு, மகனுடைய வீட்டை நம்பிப் போகவேண்டும். அவர் பயந்திருக்கிறார். பயப்படாதே என்று தேவன் அந்த இரவில் அவரிடம் பேசியதிலிருந்தே அது தெரிகிறது. நான் உன்னுடனே எகிப்துக்கு வருவேன், யோசேப்பு தன் கையாலே உன் கண்களை மூடுவான் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தார். ஒரு முதியவருக்கு எது தேவை என்று அறிந்த பேச்சு இது. தனியாகப் போகவேண்டாம், கடைசி நேரத்தில் மகன் பக்கத்தில் இருப்பான். எல்லைக்கு வந்து நிற்கிற தகப்பனுக்கும் ஒரு தகப்பன் இருந்தார். அந்தக் கிழவர் அன்று இரவு ஒரு பிள்ளையாக நின்று வழி கேட்டார்.

இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் சிலர் அப்படித்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். மனைவி போனபின் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு, மகன் வீட்டில், பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம், பேரப்பிள்ளைகள் வாயில் இங்கிலீஷ் என்று இருக்கிற நகரில் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். பேச்சுத்துணை இல்லாத மத்தியானங்கள் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். பெயெர்செபாவில் பேசின தேவன் ஜூஜூவாடியிலும் பேசுகிறவர். அவர் கூட வந்திருக்கிறார்.

அடுத்து வருவதுதான் என் இருதயத்தை மிகவும் தொடுகிற காட்சி. எகிப்தியருக்கு மேய்ப்பர்கள் அருவருப்பு என்று வேதமே குறித்திருக்கிறது. அந்த அரண்மனையில் யோசேப்புக்கு எகிப்தியப் பெயர், எகிப்திய உடை, எகிப்தியப் பெரிய குடும்பத்து மனைவி. தகப்பனை கோசேன் நாட்டில் வசதியாகக் குடியேற்றிவிட்டு, ராஜாவிடம் காட்டாமலே இருந்திருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவனோ ஆட்டுவாடை அடிக்கிற தன் தகப்பனைக் கையைப் பிடித்து பார்வோன் முன் கொண்டுவந்து நிறுத்தினான். பார்வோன் வயதைக் கேட்கிறான். என் நாட்கள் கொஞ்சமும் துன்பமுமாயிருந்தன, என் பிதாக்களின் வயதை எட்டவில்லை என்று யாக்கோபு சொல்கிறார். ராஜசபையில் யாரும் சொல்லாத வெளிப்படையான பதில். மகன் குறுக்கிட்டு மழுப்பவில்லை. அப்பா, அப்படியெல்லாம் பேசாதீர்கள் என்று அடக்கவில்லை. அந்த மேய்ப்பர் பார்வோனை ஆசீர்வதித்தார், ஒருமுறை அல்ல, வந்தபோதும் போனபோதும். உலகத்தின் பெரிய ராஜா ஒரு பிழைக்க வந்த கிழவனின் கைக்குக் கீழே தலை குனிந்தான். யோசேப்பு தன் தகப்பனை மறைத்திருந்தால் பார்வோனுக்கு அந்த ஆசீர்வாதம் கிடைத்திருக்காது.

நான் ஆலையில் வேலை பார்த்தவன். கம்பெனியின் குடும்ப விழா நாட்களில் பார்த்திருக்கிறேன். மனைவி பிள்ளைகளை அழைத்து வந்து மேலதிகாரிக்கு அறிமுகம் செய்கிறவர்கள் நிறையப் பேர். வேட்டி கட்டின, வெற்றிலை போட்ட தகப்பனை அழைத்து வந்து, சார், இவர் எங்க அப்பா, காட்டு வேலை செய்து என்னைப் படிக்கவைத்தவர் என்று சொன்னவர்கள் குறைவு. அப்படிச் சொன்ன ஒவ்வொருவரையும் நான் இன்றைக்கும் மரியாதையோடு நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். யோசேப்பு விற்கப்பட்டபோது அவனுக்கு வயது 17. யாக்கோபு எகிப்தில் வாழ்ந்தது 17 வருஷம். தகப்பன் மகனைப் போஷித்த வருஷங்கள் எத்தனையோ, அத்தனை வருஷம் மகன் தகப்பனைப் போஷித்தான். கடைசியில் கானானிலே என்னை அடக்கம் பண்ணு என்று ஆணை வாங்கிக்கொண்டு யாக்கோபு இறந்தார். அப்போது யோசேப்பு என்ன செய்தான் தெரியுமா? லீவு கேட்டான். என் தகப்பனை அடக்கம்பண்ண எனக்கு அனுமதி வேண்டும், போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று பார்வோன் வீட்டாரிடம் சொல்லி அனுப்பினான். பார்வோனும் அனுமதித்தான். இங்கே சூப்பர்வைசர்களும் மேனேஜர்களும் சிலர் இருக்கிறீர்கள். கான்ட்ராக்ட்டில் வேலை செய்கிற பையன் தகப்பன் சாவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தால் அவன் பெயர் பட்டியலில் இல்லாமல் போகிற நிலைமை உங்கள் லைனில் இருக்கவேண்டாம். வேதம் அறியாத பார்வோனே விட்டுக்கொடுத்தான்.

இப்போது கடினமான ஒன்றைச் சொல்லவேண்டும். தகப்பனுடைய கனம் என்ற பேச்சு நம் மாவட்டத்தில் இரத்தம் தோய்ந்த பேச்சாகவும் இருக்கிறது. 2018 நவம்பரில் ஓசூர் அருகே ஒரு கிராமத்திலிருந்து சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட ஓர் இளம் தம்பதி கொல்லப்பட்டுக் காவிரியில் வீசப்பட்டார்கள். பெண்ணின் தகப்பனும் உறவினரும் கைதானார்கள். 2023 ஏப்ரலில் ஊத்தங்கரைப் பக்கம், தலித் பெண்ணை மணந்த மகனையும், அவனுக்கு அடைக்கலம் கொடுத்த தன் தாயையும் ஒரு தகப்பன் வெட்டிக் கொன்றதாக வழக்கு. இவற்றுக்குப் பெயர் கௌரவக் கொலை. சிலுவையைக் கழுத்தில் போட்டிருக்கும் நம் வீடுகளில் சாதி இல்லை என்று இங்கே எழுந்து நின்று சொல்ல யாருக்குத் துணிவு இருக்கிறது? கல்யாணப் பேச்சு வருகிறபோது நம் ஆலயங்களிலும் சாதிதான் முதலில் விசாரிக்கப்படுகிறது. அதுபோல, பெண் பிள்ளை பிறந்ததற்காகத் தகப்பன்மார் முகம் திருப்பிக்கொண்ட தர்மபுரி, சேலம் வட்டாரம் இது. கைவிடப்படும் பெண் குழந்தைகளை ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கவேண்டி வந்ததே அதற்குச் சாட்சி. இப்படிப்பட்ட மண்ணில் நின்று, தகப்பனைக் கனம்பண்ணு என்று மகளிடம் மட்டும் பேசுவது தேவனுடைய நாமத்தைத் துஷ்பிரயோகம் செய்வது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் தகப்பன்மாருக்கும் கட்டளை இருக்கிறது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற தகப்பனிடம் அடி வாங்கிக்கொண்டிருப்பதற்கு வேதம் கனம் என்று பெயர் வைக்கவில்லை. அந்தப் பிள்ளையும் தாயும் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும். சபை கதவைத் திறந்து வைக்கட்டும்.

கனம் என்பது பிள்ளைகள் கொடுப்பது. தகப்பன் அரிவாளால் வசூலிப்பதற்கு அது கடன் பாக்கி இல்லை. லூக்கா 15இல் ஆண்டவர் சொன்ன தகப்பனை நினைத்துப் பாருங்கள். தகப்பன் உயிரோடிருக்கும்போதே சொத்தில் பங்கு கேட்ட மகன், குடும்பத்தின் மானத்தைப் பன்றித்தொழுவம் வரைக்கும் இழுத்துப்போன மகன், தூரத்தில் வருகிறான். ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தகப்பன் ஓடுகிறார். கிழக்குத் தேசங்களில் மதிப்புள்ள பெரியவர் தெருவில் ஓடுவதில்லை, நம் ஊர்ப் பெரியதனக்காரர்கள் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர் முன்னால் ஓடி, நாற்றமடிக்கிற பிள்ளையைக் கட்டிப்பிடிக்கிறார். தன் கௌரவத்தைத் தெருவில் போட்டுவிட்டு மகனை எடுத்துக்கொண்டார். தேவன் எப்படிப்பட்ட தகப்பன் என்று கேட்டால் இயேசு காட்டுகிற படம் இது. இந்தத் தகப்பனை ஆராதிக்கிற ஒருவன், தன் மகள் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளையின் சாதிக்காக அவளை வாசலில் நிறுத்துவானா?

இங்கேதான் இரண்டு காரியங்களும் சேருகின்றன: தகப்பனைக் கனம்பண்ணுவதும், பரம பிதாவை நம்புவதும். நம் தகப்பன்மார் மேல் நமக்கு இருக்கிற கோபத்தில் பாதி, அவர்கள் கடவுளாக இல்லையே என்ற கோபம். எல்லாம் தெரிந்திருக்கவேண்டும், தவறே செய்திருக்கக்கூடாது, சரியான காலேஜில் சேர்த்திருக்கவேண்டும், அந்த நிலத்தை விற்றிருக்கக்கூடாது. யாக்கோபும் அப்படிப்பட்ட தகப்பனாக இல்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் அங்கி தைத்து வீட்டைப் பிளந்தவர் அவர்தான். வாலிபத்தில் தன் சொந்தத் தகப்பனையே ஆட்டுத்தோல் போர்த்தி ஏமாற்றியவர். யோசேப்பு அவரைக் கனம்பண்ணியது அவர் தகுதியான தகப்பனாக இருந்ததால் அல்ல. குழியிலும் சிறையிலும் தன்னை நடத்தினவர் வேறொரு தகப்பன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவனோ நன்மையாக முடித்தார் என்று அண்ணன்மாரிடம் சொன்னானே, அந்த மனது இருந்தால்தான் குறையுள்ள தகப்பனைக் கையைப் பிடித்து நடத்தமுடியும்.

நடத்துதல் என்றால் என்ன என்பதில் நமக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. தேவன் நடத்தினால் வேலை நிரந்தரமாகும், வியாதி வராது என்று மேடைகளில் பேசுகிறார்கள். அது அப்படி இல்லை என்பதற்கு, கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷன் தொடங்கின கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மிசூரி சினோடு என்ற லுத்தரன் சபை வெளிநாட்டில் முதன்முதலாக மிஷன் தொடங்கவேண்டும் என்று முடிவெடுத்தபோது நினைத்தது ஜப்பானை. அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டில் லைப்சிக் மிஷனில் ஊழியம் செய்து, உபதேச விஷயத்தில் கருத்து வேறுபட்டு வெளியே வந்திருந்த தியோடர் நேத்தர், பிரான்ஸ் மோன் என்ற இரண்டு பேர் கிடைத்தார்கள். ஜப்பான் என்று போட்ட திட்டம் இந்தியா என்று திரும்பியது. 1895இல் நேத்தர் கிருஷ்ணகிரியில் வேலையைத் தொடங்கினார். இன்று இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை என்று இருப்பதற்கு அதுதான் வேர். 1896இல் பம்பாயில் நுழைந்த கொள்ளைநோய் 1898இல் பெங்களூருக்கு வந்துவிட்டது. 1904இல் அதே பிளேக் நோயில் கிருஷ்ணகிரியில் நேத்தர் இறந்தார். நாற்பது வயது ஆகவில்லை. தேவன் அவரை நடத்தவில்லை என்று சொல்லமுடியுமா? நடத்தினார் என்று அவருடைய கல்லறைக்கு அப்பால் வந்த மூன்று, நான்கு தலைமுறைகள் சொல்கின்றன. அவர் உயிரோடிருக்கும்போது அது அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்?

யாக்கோபும் சாகும்போதுதான் இதைச் சொன்னார். நான் பிறந்த நாள் முதல் இந்நாள் வரைக்கும் என்னை ஆதரித்து மேய்த்த தேவன் என்று பேரப்பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சொல்கிறார். பார்வோனிடம் என் நாட்கள் துன்பமானவை என்று சொன்ன அதே வாய். இரண்டும் உண்மை. துன்பத்தை மறைத்துவிட்டு அவர் விசுவாசம் பேசவில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவரும் பிதாவிடம் பாத்திரத்தை நீக்கும்படி முதலில் கேட்டார், அதன்பின் ஒப்புக்கொடுத்தார். மேய்ப்பர் ஒருவர், தன் வாழ்நாளெல்லாம் தன்னை ஒருவர் மேய்த்தார் என்று சொல்லும்போது அது தொழில் தெரிந்தவருடைய சாட்சி.

கான்ட்ராக்ட் பதினோராம் மாதம் முடிகிறபோது தூக்கம் வராத தம்பிகளே, கம்பெனி வேறு மாநிலத்துக்கு மாறப்போகிறது என்று கேள்விப்பட்டுக் கலங்குகிற குடும்பங்களே, ஆகாயத்துப் பறவைகளைப் பற்றி ஆண்டவர் பேசியபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உங்களைப்போல் அன்றாடக் கூலிக்காரர்கள். உங்களுக்கு இவையெல்லாம் வேண்டியவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்றார். அறிந்திருக்கிறார் என்ற ஒன்றைத்தான் முதலில் கையில் கொடுத்தார். லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், பிதாவைப் பற்றிய விசுவாசப் பிரமாணத்துக்கு விளக்கம் சொல்லும்போது உடை, செருப்பு, சாப்பாடு, வீடு என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறார். ஆத்துமாவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பிதா என்றால் பிள்ளையின் கால் செருப்பையும் கவனிக்கிறவர். அந்தக் கவனிப்பு பல வேளைகளில் மனிதர் கையால்தான் வருகிறது, அதனால்தான் முடிக்கும் முன் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

ஓசூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வந்தபின் ஜார்க்கண்டிலிருந்து, குறிப்பாகப் பழங்குடி இளம்பெண்கள், வேலைக்கு வந்திருக்கிறார்கள். ஒடிசா, பீகார் பையன்களும் சிப்காட்டில் நிறைய. சோட்டா நாக்பூரில் கோஸ்னர் மிஷன் 1845இல் தொடங்கியதிலிருந்து லுத்தரன்களும் கத்தோலிக்கரும் அங்கே பெருகியிருக்கிறார்கள். வந்திருக்கும் இந்தப் பிள்ளைகளில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள் ராஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில், மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று சரியாகச் சொல்லத் தெரியாமல், ஜெபம் மட்டும் செய்துகொண்டிருப்பார்கள். அந்தத் தகப்பன்மாரையும் கனம்பண்ணுவது நம் கற்பனைக்குள் அடங்கியதுதான். முன்பு ஒரு கடிகாரக் கம்பெனி செய்ததை நம் சபைகளால் செய்யமுடியாதா?

நான் கேட்பது இது. ஒவ்வொரு சபையிலும் ஓய்வுபெற்ற தகப்பன்மார் இருக்கிறீர்கள். மத்தியானம் நீளமாக இருக்கிறது என்கிறீர்கள். ஆலைகளில் வேலை பார்த்ததால் ஷிப்ட் நேரம் உங்களுக்குத் தெரியும், சம்பளச் சீட்டு படிக்கத் தெரியும், ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கும் பிஎஃப் அலுவலகத்துக்கும் வழி தெரியும், பலருக்கு உடைந்த ஹிந்தியாவது வரும். உங்கள் மனைவிமாரையும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு வீடும் இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள், காய்ச்சல் வந்தால் போய்ப் பாருங்கள், அவர்கள் அப்பாவின் நம்பரை வாங்கி நீங்களே ஒருமுறை பேசுங்கள். ஹிந்தியில் ஓர் ஆராதனை, நைட் ஷிப்ட் முடிகிறவர்களுக்கு வசதியான நேரத்தில், எந்தச் சபையின் ஆலயத்தில் வைக்கலாம் என்று ஐயர்மார்கள் இன்றே பேசி முடிவு செய்யவேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்.